பிரிப்பதற்கும் ஒரு கருவி

தையற்கலையைப் பற்றி எழுதுவோர் ஊசியைப் பற்றி எழுதுவர். நூலைப் பற்றி எழுதுவர். கத்தரிக்கோலின் அருமையையும் தையல் இயந்திரத்தின் பெருமையையும் விரித்துரைப்பர். தைத்ததைப் பிரிக்கும் கருவியைப் பற்றி எழுத முன்வருவோர் அரியர். பிரிப்பது தவற்றின் அடையாளம் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். ஆயினும், தையற்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உண்மை பேசும் எந்தக் குடும்பப் பெண்ணும், தையலுக்குச் செலவான நேரத்தில் ஒரு பங்கு பிரிப்பதற்கே சென்றது என்பதை ஒப்புக்கொள்வாள். வலக்கை இடக்கையில் மாறிப் பொருந்திவிடும். அளவு ஒரு விரற்கடை குறைந்துவிடும். ஒரு தவறும் நேராவிட்டாலும் பிள்ளை வளர்ந்துவிடும். வளர்ந்த பிள்ளைக்குச் சட்டையை இறக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கும் முதலில் பிரித்தே ஆகவேண்டும்.

எமது வீட்டில் இவ்விதக் கருவிகள் இரண்டு உண்டு. ஒன்று தையற்பெட்டியில் இருக்கிறது. மற்றொன்று கண்ணாடி அலுமாரியில், பழைய புகைப்படங்களுக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவதைக் கொண்டு இப்போது எவரும் ஒரு நூலையும் அறுப்பதில்லை. அது பெட்டியை விட்டு அலுமாரிக்குப் போன கதையையும், அதனால் நாம் கற்றுக்கொண்டவற்றையும் வாசகர்களுக்குச் சொல்வது பயன் தரும் என்று எண்ணுகின்றோம்.

இரு நூல்களின் பூட்டு

கையால் இட்ட தையலைப் பிரிக்க ஊசிமுனையே போதுமானது. ஒரே நூல் ஏறி இறங்கிச் செல்வதால், ஓரிடத்தில் அறுத்து இழுத்தால் பெரும்பாலும் முழுதும் வந்துவிடும். இயந்திரத் தையல் அத்தகையதன்று. அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் என்பவர் 1846 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், முனையிலே துளையுடைய ஊசி மேல்நூலைத் துணிக்கு அடியில் கொண்டு சென்று ஒரு கண்ணியாக விடும். அடியிலுள்ள ஓடம் இரண்டாவது நூலை அக்கண்ணியினூடே செலுத்தும். இவ்வாறு இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். 1851 இல் ஐசாக் சிங்கர் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1877 ஆம் ஆண்டிலேயே சிங்கர் நிறுவனம் இலங்கையில் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது. நம் பாட்டிமார் சீதனமாகக் கொண்டுவந்த இயந்திரங்களும் இந்தப் பூட்டுத் தையலையே இட்டன.

ஓர் அங்குலத்தில் பத்து, பன்னிரண்டு பூட்டுகள் இருக்கும். ஒன்றை அறுத்தால் மற்றவை அசைவதில்லை. இந்த வலிமைக்காகவே நாம் இயந்திரத் தையலை விரும்புகின்றோம். பிரிக்கும் வேளையில் அந்த வலிமையே நமக்கு எதிராக நிற்கிறது. ஆகவேதான் தனியான கருவி ஒன்று வேண்டியதாயிற்று. கடையில் அதனைச் சீம் ரிப்பர் என்பர். எம் வீட்டில் அதற்குப் பிரிப்பான் என்று பெயர்.

விரல்நீளப் பிடியில் பொருத்திய சிறு உருக்குக் கவை அது. கவையின் ஒரு கிளை நீண்டு ஊசிபோற் கூர்மையாக இருக்கும். மற்றக் கிளை குட்டையானது. அதன் நுனியில் ஒரு சிறு மணி, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், இருக்கும். இரண்டு கிளைகளும் சேரும் வளைவின் உட்புறத்திலேதான் வெட்டும் கூர் உள்ளது. நீண்ட முனை நூலுக்கடியில் நுழைவதற்கு, வளைவு அறுப்பதற்கு, மணி துணியைக் காப்பதற்கு. இம்மூன்றும் தத்தம் கடமையைச் செய்தால் துணிக்கு ஆபத்து இல்லை. ஒன்று தவறினாலும் என்ன நேரும் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்தோம்.

கடல் கடந்த தகரப்பெட்டி

எமது ஊர் மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலை. தந்தையார் கடற்றொழிலாளி. அம்மா ஊர்ப்பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது எமக்கு வயது ஆறு. அவ்வாண்டு மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறி அக்கரை சென்ற ஆயிரக்கணக்கானோரில் எம் குடும்பத்தாரும் அடங்குவர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரமே உண்டு. ஆயினும், அந்த ஓர் இரவுப் பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

கால்மிதி இயந்திரம் வீட்டிலேயே நின்றுவிட்டது. அதன் இழுப்பறையில் இருந்த கத்தரிக்கோல், அளவுநாடா, இரண்டு பொபின்கள், ஒரு பிரிப்பான் ஆகியவற்றை அம்மா ஒரு பிஸ்கட் தகரத்திற் போட்டு, வள்ளத்தில் தம் மடிமீது வைத்துக்கொண்டார். தனுஷ்கோடி மணலில் இறங்கி, பின்னர் மண்டபம் முகாமுக்குச் சென்றபோதும் அத்தகரம் அவர் கையிலேயே இருந்தது.

முகாமிலே அதிகம் வேலை செய்தது பிரிப்பானே. உதவியாகக் கிடைத்த உடைகள் எவருக்கும் அளவாக இருப்பதில்லை. பெரியவரின் சட்டையைப் பிரித்துப் பிள்ளைக்கு இரண்டு சட்டை செய்யலாம். ஆனால் அதற்குத் துணி கிழியாமல் வரவேண்டும். தைக்க நூல் வாங்கவும் காசு வேண்டும். அம்மா நாலைந்து தையலுக்கு ஒன்றாக ஒரு பக்கத்தில் மட்டும் அறுத்து, துணியைத் திருப்பி, மறுபக்கத்து நூலைப் பிடித்து மெல்ல இழுப்பார். அறுபடாத நூல் நீளமாக வந்துவிடும். அதனை ஒரு தீப்பெட்டி அட்டையிற் சுற்றி வைத்து, அதே துணியைக் கையால் தைக்க உபயோகிப்பார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எம்மிடம், “வெட்டுறது கெட்டித்தனமில்லைப் பிள்ளை, வெட்டாமல் பிரிக்கிறதுதான் கெட்டித்தனம்” என்பார்.

பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பிரிப்பானே உழைத்தது. 2003 இல் நாம் ஊர் திரும்பியபோது வீட்டில் சுவர்கள் நின்றன, இயந்திரம் இல்லை. அம்மா பழைய இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கினார். பிரிப்பான் மட்டும் இருந்ததே போதும் என்று விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளைச் சட்டை

2004 ஆம் ஆண்டு தை மாதம். முகாமிற் பிறந்த எம் தங்கை, இங்கே பாடசாலைக்குப் போகும் முதல் நாள் மறுநாளாக இருந்தது. புதுத்துணி இன்னும் கைக்கு வரவில்லை. அயல்வீட்டு மாமி தம் மகளுக்குச் சிறிதாகிவிட்ட வெள்ளைச் சட்டையைத் தந்திருந்தார். அதன் கீழ்மடிப்பை இறக்கினால் தங்கைக்கு அளவாகிவிடும். அம்மா அடுப்படியில் இருந்தமையால், பிரிக்கும் வேலையை நாமே ஏற்றுக்கொண்டோம்.

அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் வேலை நடந்தது. பிரிப்பானின் மணி எப்போதோ உதிர்ந்திருந்தது. வளைவின் உட்புறம் துருவேறிச் சொரசொரப்பாக இருந்தது. நூலை அது அறுக்கவில்லை, தேய்த்தது. சற்றே அழுத்தினோம். நூல் விடவில்லை. இன்னும் அழுத்தினோம். நூல் திடீரென அறுபட, தடுப்பதற்கு மணி இல்லாத முனை துணிக்குள் ஓடிற்று. முன்பக்கத்தில், பழைய மடிப்புக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் குறுக்காகக் கிழிந்துவிட்டது. கிழிசலின் ஓரத்திற் பழுப்பாகத் துருவும் ஒட்டியிருந்தது.

தங்கை அழவில்லை. சட்டையைப் பார்த்தாள், பின் எம்மைப் பார்த்தாள். அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏசவில்லை. கிழிசலைச் சிறு தையல்களால் இணைத்தார். பின்னர் அது உள்ளே மறையும்படி சட்டையைச் சுற்றிலும் ஒரு மடிப்பு வைத்து இயந்திரத்தில் ஓட்டினார். பிள்ளைகள் வளர்ந்தால் இறக்குவதற்கென்று தாய்மார் வைக்கும் மடிப்புப் போலவே அது காட்சியளித்தது. மறுநாள் ஆசிரியை ஒருவர், “அம்மா யோசித்துத்தான் தைத்திருக்கிறா” என்று புகழ்ந்ததாகத் தங்கை வந்து சொன்னாள். அம்மா சிரித்தார். “அந்த மடிப்பை மட்டும் பிரிக்கக் கூடாது” என்றார்.

பிரிக்க முடியாத மடிப்புக்கு விலை இல்லாமற் போகவில்லை. இறக்கிய நீளத்தில் இரண்டு அங்குலம் அம்மடிப்புக்குள் அகப்பட்டுக்கொண்டது. இரண்டு ஆண்டு உடுத்தியிருக்க வேண்டிய சட்டை, ஆண்டு முடியுமுன்பே தங்கையின் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அம்மா மன்னார் நகரக் கடைத்தெருவுக்குச் சென்று புதிய பிரிப்பான் ஒன்று வாங்கிவந்தார். அதன் விலை, சென்று திரும்பிய பஸ் கட்டணத்தின் அளவில்தான் இருந்தது. பழையதைக் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் பூசி, அலுமாரியில் வைத்தார். “இதை வைச்சிருக்கலாம், இதாலை வேலை செய்யேலாது” என்றார். நினைவுப் பொருள் ஒன்று, தொழிற்கருவி மற்றொன்று என்ற பேதத்தை எமக்கு விளக்கிய வாக்கியம் அதுவே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பிரிப்பான் வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது பிடி. மெல்லிய உருண்டைப் பிடி விரல்களை விரைவிற் களைப்பிக்கும். மேசையில் உருண்டு நிலத்திலும் விழும். சற்றுத் தடித்ததும், ஒரு பக்கமாவது தட்டையானதும் நல்லது. மூட்டுவலியுள்ள முதியோருக்குப் பெரிய பிடியே உகந்தது. அடுத்து, கவை பிடியில் அசையாமற் பொருந்தியிருக்கிறதா என்று மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட முனை வளையாமல் நேராக இருக்கட்டும். வளைவின் உட்புறம் வெளிச்சத்தில் மினுங்க வேண்டும். மணி வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். முனைக்கு மூடி உள்ளதைத் தேர்வது, பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்கு மிக அவசியம்.

துணிக்கேற்பவும் தேர்வு மாறும். இயந்திரத்தோடு இனாமாக வரும் சிறிய பிரிப்பான் சன்னமான துணிக்கும் நெருங்கிய தையலுக்கும் ஏற்றது. காற்சட்டைத் துணி போன்ற தடித்தவற்றுக்குப் பெரியது வேண்டும். அடிக்கடி தைப்போர் இரண்டையும் வைத்திருத்தல் நன்று.

சவர பிளேட் இருக்கும்போது பிரிப்பான் எதற்கு என்று கேட்போரும் உளர். பிளேட்டுக்கு நூலென்றும் துணியென்றும் வேறுபாடு தெரியாது. பிடிப்பவர் விரலென்றும் தெரியாது. அதனைப் பாதியாக உடைத்து உபயோகிக்கும் பழக்கம் எம் ஊரிலும் உண்டு. பழகிய தையற்காரர் கையில் அது பணிந்து நடக்கலாம். பழகும் மாணவியின் கைக்கு அது ஏற்றதன்று.

பிரிப்பானை உபயோகிக்கவும் முறை உண்டு. மணியைத் தையலுக்குள் விட்டு ஒரே தள்ளாகத் தள்ளிச் செல்வோர் பலர். உறுதியான துணியின் நேர்த்தையலுக்கு அது பொருந்தும். சன்னமான துணிக்கும் பழைய துணிக்கும் பொருந்தாது. அவற்றுக்கு அம்மாவின் முறையே சிறந்தது. நீண்ட முனையை ஒரு தையலுக்கடியில் நுழைத்துச் சிறிது உயர்த்தினால், நூல் வளைவுக்கு வந்து தானே அறும். நாலைந்து தையல் விட்டு அடுத்ததை அறுக்க வேண்டும். தெறிக்கண் திறக்கும்போது, கண்ணின் கோடியில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்திவிட்டால் பிரிப்பான் அதற்கப்பால் ஓடாது.

உப்புக் காற்று

உள்நாட்டுப் பெண்கள் அறியாத சங்கடம் ஒன்று எம் போன்ற கரையோரத்தாருக்கு உண்டு. மன்னார்த் தீவைச் சுற்றிலும் கடல். வைகாசி முதல் சோளகம் வீசும். ஐப்பசிக்குப் பின் வாடை வீசும். இக்காற்றின் வலிமையை நம்பித்தான் 2020 ஆம் ஆண்டில் தீவின் தென்கரையில் தம்பபவனி என்னும் பெயருடன் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று, கடலுப்பின் நுண்துகள்களை எம் தையற்பெட்டிக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கிறது.

உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும். உருக்கின்மேல் அது உவர்நீர்ப் படலமாகப் பரவித் துருவை விரைவுபடுத்தும். மேற்பூச்சு உள்ளவரை கருவி தாங்கும். பூச்சுத் தேய்ந்த இடத்தில் துரு தொடங்கிவிடும். அதிகம் தேயும் இடமோ வெட்டும் வளைவேதான். ஆகவே, வேலை முடிந்ததும் பிரிப்பானை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளி தொட்டுப் பூசி, மூடியுள்ள தகரத்தில் வைத்தல் வேண்டும். தகரத்தினுள்ளே சிறு துணிமுடிச்சில் வறுத்து ஆறிய அரிசியை இட்டு வைத்தால் ஓரளவு ஈரத்தை உறிஞ்சும். மறுமுறை எடுக்கும்போது எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டே துணியிற் கைவைக்க வேண்டும். இல்லையேல் துருக்கறைக்குப் பதில் எண்ணெய்க்கறை வந்துவிடும். வெள்ளைத்துணியில் துருக்கறை பட்டால் தேசிக்காய்ச் சாற்றையும் உப்பையும் பூசி வெயிலில் வைத்து, பின் நன்றாக அலசினாற் பெரும்பாலும் நீங்கும். நிறத்துணிக்கு இதனைச் செய்யலாகாது, நிறம் மங்கக்கூடும்.

மாற்ற வேண்டிய காலம்

இத்தனை பேணுதலுக்குப் பின்பும் பிரிப்பானுக்கு ஆயுள் உண்டு. கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கலாம். பிரிப்பானின் கூரோ ஒரு சிறு வளைவுக்குள் ஒளிந்திருக்கிறது. சாணைக்கல் அங்கே செல்லாது. ஆகையால் அதனைத் தீட்ட முயல்வதிலும் மாற்றுவதே சுலபம்.

எப்போது மாற்றுவது? ஒரு துண்டுத் துணியில் தையல் ஓட்டி, ஒரு நூலின்கீழ் அதனை நுழைத்துப் பார்க்கலாம். சிறிது உயர்த்தியதும் நூல் அறுந்தால் நல்லது. முன்னும் பின்னும் அறுக்க வேண்டியிருந்தாலும், நூல் சிலும்பிப் பிசிறினாலும் அதன் காலம் முடிந்தது. பருத்தி நூலிலும் பொலியெஸ்டர் நூல் உறுதியானது. இந்நாளில் அதுவே பெரிதும் உபயோகத்தில் இருப்பதால், மழுங்கிய கருவி முன்னிலும் அதிக ஆபத்தைத் தரும். முனை வளைந்தாலும், மணி உதிர்ந்தாலும், பிடி ஆடினாலும் மறுயோசனை வேண்டா. சுருங்கச் சொன்னால், எப்போது கை அழுத்தத் தொடங்குகிறதோ அப்போதே மாற்ற வேண்டும். கழித்ததை மணல் முற்றத்தில் எறியலாகாது. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உண்டு. முனையைத் துணியிற் சுற்றி ஒரு தகரத்தில் மூடியே அகற்ற வேண்டும்.

நல்ல துணியை நூற்றுக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் நாம், அதனைக் காக்கும் அற்பவிலைக் கருவியை மாற்றத் தயங்குகின்றோம். இத்தயக்கம் சிக்கனம் போலத் தோன்றும். அந்த வெள்ளைச் சட்டையை நினைக்கும் போதெல்லாம் அது சிக்கனம் அன்று என்பது எமக்குத் தெளிவாகும்.

எம் தந்தையார் கரையிலிருந்து கிழிந்த வலையைச் செப்பனிடுவதைச் சிறுவயதிற் பார்த்திருக்கின்றோம். அவர் எடுத்த எடுப்பில் வலையூசியைத் தொடமாட்டார். முதலிற் கத்தியை எடுத்து, கிழிசலைச் சுற்றிப் பிய்ந்து தொங்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்து நீக்குவார். ஓட்டை முன்னிலும் பெரிதாகும். “இருக்கிற ஓட்டை போதாதா?” என்று ஒருநாள் கேட்டோம். “பிய்ஞ்ச கண்ணியிலை முடிச்சுப் போட்டால் நாளைக்கு மீனோடை அதுவும் போகும்” என்றார். அந்தக் கத்தியை மட்டும் அவர் எவருக்கும் இரவல் கொடுத்ததில்லை; நாள்தோறும் தீட்டாமல் வைத்ததுமில்லை.

தங்கைக்கு இப்போது பாடசாலை செல்லும் மகள் இருக்கிறாள். சென்ற மார்கழியில் மகளின் வெள்ளைச் சட்டையை இறக்குவதற்காக எம் வீட்டுக்கு வந்தவள், அலுமாரியிலிருந்த பழைய பிரிப்பானை எடுத்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பின் அதனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தையற்பெட்டியைத் திறந்து புதியதை எடுத்தாள். வெட்டும் வளைவை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்த பிறகே சட்டையில் கைவைத்தாள்.

சகோதரிகளும் மாணவிகளும் இன்று மாலை தங்கள் தையற்பெட்டியைத் திறந்து, அவ்வாறே ஒருமுறை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார்களாக.